உலகம் சுற்றியவர் யார்?

(பெரம்பலூர், அரியலூர் வட்டாரத் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

தோழர்களே!

உலகப் பிரயாணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி கேட்டீர்கள். களை எடுப்பவருக்கும், ஆலையில் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கும் இந்தப் பேச்சு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நமக்குத்தான் இது அவசியம்.

தமிழில் உலகப் பிரயாணம் என்றதும் நினைவுக்கு வருபவர் ஏ. கே. செட்டியார். 1911-ல் கோட்டையூரில் பிறந்தவர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை கற்றவர். காந்தியடிகளைப் பற்றி ஆவணப் படம் எடுப்பதற்காகத் தென்னாப்பிரிக்கா உள்ளிட்ட பல தேசங்களுக்கு அலைந்து படச்சுருள்களைச் சேகரித்தார். 1940-ல் அந்தப் படம் வெளிவந்தது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற தம் நூலின் பெயரே அவருக்குப் பட்டமாகவும் ஆயிற்று. கண்டதை எளிய தமிழில் எழுதிய அவருக்கு நாம் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் தோழர்களே, தென்னாப்பிரிக்காவில் அவருக்கு முன்பே தமிழர்கள் இருந்தார்களே, அவர்கள் எப்படிப் போனார்கள்? அவர்களும் உலகம் சுற்றியவர்கள்தாம். ஆனால் அவர்கள் புத்தகம் எழுதவில்லை.

நம் பக்கத்துக் கதையையே பாருங்கள். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட ராஜேந்திர சோழன், சுமார் 1025-ல் கடாரத்துக்குக் கடற்படை அனுப்பினான். மன்னன் பெயர் கல்லில் நிற்கிறது. பாய்மரம் கட்டியவன் பெயர் நமக்குத் தெரியாது. பின்னாளில் வெள்ளைக்காரன் காலத்திலும் கதை அதுவேதான்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டது. நவம்பர் 16-ல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் ஐந்தாண்டு ஒப்பந்தம். தொடக்கத்தில் மாதம் 10 ஷில்லிங் கூலி. பிறகு 1895-ல் ஒரு சட்டம் வந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் மறுபடி ஒப்பந்தத்தில் சேராமல் அங்கேயே தங்குகிறவர் ஆண்டுக்கு 3 பவுன் வரி கட்டவேண்டும். 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். அந்தத் தொடக்கக் கூலிக்கு அது ஆறு மாத உழைப்பு! கட்ட முடியாவிட்டால் திரும்பவும் தோட்டத்து நுகத்தடியில் கழுத்தைக் கொடு என்பதே அந்தச் சட்டத்தின் சூட்சுமம்.

அந்த வரி எப்படி ஒழிந்தது? 1913-ல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கரும்புத் தோட்டத் தொழிலாளர்களும் கரும்பு வெட்டும் கத்தியைக் கீழே வைத்தார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சிறை சென்ற பதினாறு வயதுத் தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் மாண்டாள். அந்த ஆண்டே வரி ரத்தாயிற்று. தனித்தனியாகக் கப்பலேறியவர்கள் ஒன்றாக நின்று பெற்ற வெற்றி அது.

இன்றைக்கு வருவோம். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டாகிப் போகிறது. பெரம்பலூர் மக்காச்சோளமும் பருத்தியும் லாரி ஏறுகின்றன. பின்னாலேயே நம் பிள்ளைகள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் விமானம் ஏறுகிறார்கள். நிலத்தை அடகு வைத்துப் போகிறவனுக்கு அந்தக் கடன்தான் புதிய ஒப்பந்தச் சங்கிலி.

ஆகவே போகிறவர்களிடம் மூன்று விஷயங்களைச் சொல்லியனுப்புங்கள். 1983-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தானா என்று விசாரிக்காமல் காசை நீட்டாதீர்கள். கூலி, வேலை நேரம், தங்குமிடம் மூன்றும் எழுத்தில் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடுங்கிப் பூட்டி வைக்க எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை.

கட்டாரில் வேலை மாறுவதற்கு முதலாளியின் அனுமதிச் சீட்டு தேவையில்லை என்று 2020-ல் சட்டம் திருத்தப்பட்டது. 2021 மார்ச் முதல் மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சக் கூலி அமலுக்கு வந்தது. பல நாட்டுத் தொழிற்சங்கங்கள் விடாமல் குரல் கொடுத்ததற்கும் அதில் பங்குண்டு. அங்கே வதைபட்டவர் நேபாளியா, வங்காளியா, தமிழரா என்று அவை பிரித்துப் பார்க்கவில்லை.

தோழர்களே! உலகம் சுற்றினால் மலையையும் மாளிகையையும் பார்க்கலாம். அந்த மாளிகையைக் கட்டியவன் எங்கே தூங்குகிறான், என்ன சாப்பிடுகிறான் என்று கேட்பவனே உலகத்தை முழுதாகப் பார்த்தவன். அந்தக் கேள்வியைக் கேட்க நாம் கப்பலேற வேண்டியதில்லை. இந்த ஊரிலேயே, நம் ஆலை வாசலிலேயே, நம் வயல் வரப்பிலேயே இன்றே கேட்கலாம்.