விரலுக்குக் கேட்டால் போதும்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்தத் தொடரிலே நூல்களைப் பற்றியும் அவற்றை எழுதியவர்களைப் பற்றியும் நிறையப் பேசியிருக்கிறோம். எழுதும் கருவியைப் பற்றிப் பேசியது குறைவு. ஏட்டையும் எழுத்தாணியையும் ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். பேனையைப் பற்றிக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. ஆனால் இன்று நம்மிற் பலர் எழுதுவது கணனியின் விசைப்பலகையால். ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை நம் விரல் படுகிற பொருள் அது. இன்றைய பேச்சை அதற்கென்று ஒதுக்குகிறேன். என் கேள்வி ஒன்றுதான்: விரலுக்கு நன்றாக உணர்த்துகிற, ஆனால் சத்தம் போடாத விசைப்பலகை ஒன்று உண்டா?

இதைக் கணனிக் கடையில் கேட்கலாமே, இலக்கிய நிகழ்ச்சியில் எதற்கு என்று சில நேயர்கள் நினைக்கக்கூடும். என் நிலைமையைச் சொன்னால் விளங்கும்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். பகலில் வீட்டு அலுவல்கள். எழுத்து வேலை இரவு பத்து மணிக்குப் பிறகுதான். இருப்பது கொழும்பில் ஒரு சிறிய தொடர்மாடி வீடு. கூடத்தில் என் மேசை. அதே கூடத்தில் என் தாயாரின் கட்டில். அவருக்கு எண்பத்தெட்டு வயது. மெல்லிய நித்திரை. நான் நாலு வரி தட்டினால் இருட்டிலிருந்து குரல் வரும்: "தம்பி, இன்னும் படுக்கேல்லையே?" "கொஞ்சம் கிடக்கு அம்மா, நீங்கள் படுங்கோ" என்பேன். பிறகு அவருக்கு நித்திரை வராது.

இது ஒரு பக்கம். மறுபக்கத்தில், கண்ணழுத்த நோயினால் என் பார்வை சில வருடங்களாக மங்கி வருகிறது. திரையில் எழுத்துகளை எவ்வளவு பெருப்பித்தாலும், ஒவ்வோர் எழுத்தும் விழுந்ததா என்று கண்ணால் சரிபார்க்க முடிவதில்லை. விரல்தான் சொல்ல வேண்டும். ஆகவே அம்மாவின் காதுக்குக் கேட்கக் கூடாது. என் விரலுக்குக் கேட்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவருக்கு இந்தத் தேவை ஆங்கிலத்தில் எழுதுகிறவரை விட அதிகம். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு தட்டுப் போதும். நம் நாட்டில் பலர் பழகிய பாமினி முறையிலே 'க்' என்று எழுத இரண்டு தட்டு வேண்டும். 'கொ' என்று எழுத மூன்று: முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு அரவு. இவற்றில் ஒன்று விழாமற் போனால் பொருளே மாறிவிடும். கொம்பு விழாவிட்டால் 'கொடை' என்பது 'காடை' ஆகிவிடும். கர்ணனின் கொடையைப் பற்றி எழுதும் கட்டுரை கர்ணனின் காடையைப் பற்றியதாகிவிட்டால், அச்சுப்பிழை என்று சொல்லித் தப்பிக்க முடியுமா?

தமிழின் இந்தச் சிக்கலை இயந்திரத்தில் தீர்த்துவைத்த முன்னோடி யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள். ஜேர்மனியில் செய்விக்கப்பட்ட 'பிஜோ' என்ற தமிழ்த் தட்டச்சுப்பொறி அவருடைய உழைப்பின் பயன். 'நகரா விசை' என்பது அவர் கையாண்ட உத்தி. அந்த விசையைத் தட்டினால் குறி தாளிலே பதியும், வண்டி நகராது. அடுத்துத் தட்டும் எழுத்து அதே இடத்தில் வந்து விழும். இளமையில் நான் தமிழ்த் தட்டெழுத்துப் பழகியபோது, நகரா விசையின் ஒலியும் மற்றைய விசைகளின் ஒலியும் வேறுவேறாகக் கேட்டன. புள்ளி விழுந்ததா என்று தாளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. காதும் விரலும் சேர்ந்தே சொல்லின.

தட்டச்சுப்பொறியின் இயல்பே அதுதான். உலோகக் கம்பி ஒன்று எழும்பித் தாளை அடிக்கிறது. அந்த அடி விரலுக்கும் தெரிகிறது, காதுக்கும் கேட்கிறது. உணர்வு வேறு, ஒலி வேறு என்று பிரிக்க அங்கே இடமில்லை.

இந்த ஒலியோடு எழுத்தாளர் ஒருவர் எவ்வளவு ஒன்றிவிடலாம் என்பதற்கு ஹென்றி ஜேம்ஸ் நல்ல உதாரணம். அவர் பிற்காலத்து ஆக்கங்களை வாயாற் சொல்ல, உதவியாளர் தட்டச்சில் எழுதினார். 1907ஆம் ஆண்டு முதல் அந்தப் பணியைச் செய்தவர் தியோடோரா பொசன்கே என்ற பெண்மணி. 1924இல் வெளியான தம் நினைவுக் குறிப்பில் அவர் ஒரு சுவையான விஷயத்தைச் சொல்கிறார். ரெமிங்டன் பொறியின் ஓசை ஜேம்ஸைத் தூண்டிவிடுமாம். அது பழுதாகி, இரண்டு வாரம் வேறொரு பொறியில் வேலை நடந்தபோது அவர் சங்கடப்பட்டார். பதில் ஒலியே இல்லாத ஒன்றைப் பார்த்துப் பேசுவதோ அவருக்கு ஏறக்குறைய முடியாத காரியமாக இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது 'பதில்' என்பதைத்தான். அவருக்குத் தேவைப்பட்டது இரைச்சல் அல்ல. சொன்னது போய்ச் சேர்ந்தது என்ற ஓர் அறிகுறி. ஜேம்ஸின் விரல் விசையிலே இல்லை. ஆகவே அந்த அறிகுறி காது வழியாக வரவேண்டியிருந்தது. விசையைத் தொடுகிறவருக்கு அது விரல் வழியாகவே வரலாம் அல்லவா?

சத்தமில்லாத பொறியைத் தேடும் முயற்சியும் பழையதே. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் என்ற ஊரில், 'நொய்ஸ்லெஸ்' என்ற பெயரிலேயே ஒரு தட்டச்சுப்பொறிக் கம்பனி இருந்தது. 1924இல் அது ரெமிங்டனோடு இணைந்தது. அந்தப் பொறியில் எழுத்து தாளை ஓங்கி அடிப்பதில்லை. கிட்ட வந்ததும் வேகம் தணிந்து, தாளை அழுத்தும். சத்தம் அடியோடு இல்லாமற் போகவில்லை, மிகவும் குறைந்தது. ஆனால் அழுத்துகிற பொறிக்கு அடிக்கிற பொறியின் துடிப்பு வருமா? சத்தத்தைக் குறைக்கப் போனால் உணர்வும் குறைந்துவிடும் என்ற சங்கடம் அன்றே தொடங்கிவிட்டது.

கணனி வந்ததும் நிலைமை தலைகீழானது. தாளும் இல்லை, அடிக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு மின்தொடுப்பு ஏற்பட்டால் எழுத்துத் திரையில் தோன்றும். அப்படியானால் விரலுக்கு யார் பதில் சொல்வது? 1970களில் ஐ.பி.எம். நிறுவனம் சில விசைப்பலகைகளின் உள்ளே, ஒவ்வொரு தட்டுக்கும் 'டக்' என்று அடிக்க மின்காந்தத்தால் இயங்கும் ஒரு சிறு சுத்தியலை வைத்தது. தட்டச்சுப்பொறியில் பழகியவர்களுக்கு அந்த ஓசை துணையாக இருந்தது.

1985 முதல் அந்த நிறுவனம் செய்த 'மொடல் எம்' என்ற விசைப்பலகைக்கு இன்றும் பக்தர்கள் இருக்கிறார்கள். அதன் ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சுருள்வில் இருக்கிறது. அழுத்த அழுத்த அது சுருங்கி, ஒரு கட்டத்தில் சட்டென்று ஒடிந்ததுபோல வளையும். வளையும்போது பக்கச் சுவரில் மோதும். விரலுக்குத் தெரியும் துடிப்பும் காதுக்குக் கேட்கும் ஒலியும் அந்த ஒரே நிகழ்ச்சியிலிருந்து பிறப்பவை. ரிச்சர்ட் ஹண்டர் ஹாரிஸ் என்ற பொறியியலாளரின் அருமையான கண்டுபிடிப்பு அது. ஆனால் நித்திரை கொள்ளும் தாயாருக்கு அருகே வைத்துக்கொள்ளத்தக்கது அல்ல.

இதற்கு எதிர்முனையில் இருப்பவை, நம் கந்தோர்களிலே சாதாரணமாகக் காணப்படும் மலிவான விசைப்பலகைகள். விசைகளின் கீழே சிறு இறப்பர்க் குமிழ்கள். சத்தம் குறைவுதான். ஆனால் அடிவரை அழுத்தினால்தான் எழுத்து விழும். விழுந்த கணம் எது என்று விரலுக்குத் திட்டமாகத் தெரியாது. ஈரமண்ணில் விரலை ஊன்றுவது போன்ற உணர்வு. நான் இதில்தான் வெகுகாலம் எழுதினேன். சந்தேகத்தில் ஒவ்வொரு விசையையும் பலமாக ஊன்றி, இரவு முடிவில் விரல் நுனிகள் நோகும்.

கடைகளிலே 'மெக்கானிக்கல் கீபோர்ட்' என்று விற்கப்படுபவை வேறு இனம். அவற்றில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனிச் சுவிச் உண்டு. நம் பாடநூல் தமிழில் ஆளி. ஜேர்மனியின் செரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். சுவிச் இதில் பெயர்பெற்றது. காப்புரிமைக் காலம் முடிந்தபின் சீன நிறுவனங்கள் பலவும் அதே வடிவில் செய்கின்றன. விசை மொத்தம் 4 மில்லிமீற்றர் கீழே போகும். ஏறத்தாழ 2 மில்லிமீற்றரிலேயே எழுத்து விழுந்துவிடும். அடிவரை அழுத்த வேண்டியதில்லை.

இவற்றை நிறத்தால் அடையாளம் காண்பார்கள். சிவப்பு வழுக்கிக்கொண்டு போகும். நடுவிலே எந்த அறிகுறியும் இல்லை. நீலத்தின் உள்ளே ஒரு தனித்துண்டு தாவி விழுந்து 'கிளிக்' என்று ஒலிக்கும். பழுப்பிலே அந்தத் துண்டு இல்லை. தண்டின் பக்கத்தில் ஒரு சிறு மேடு மாத்திரம் உண்டு. எழுத்து விழும் இடத்துக்குச் சற்று முன்னால் விரல் அந்த மேட்டைக் கடக்கும். ஒலி இல்லை, உணர்வு உண்டு. தட்டச்சுப்பொறியில் பிரிக்க முடியாதிருந்த இரண்டும் இங்கே பிரிந்துவிட்டன.

அப்படியானால் பழுப்பு நிறத்தோடு என் தேடல் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ரொறன்ரோவில் வசிக்கும் என் தமக்கையின் மகன் விடுமுறையில் வந்தபோது, தன்னுடைய விசைப்பலகைகள் இரண்டையும், பலவகைச் சுவிச்சுகள் பொருத்திய சிறு மாதிரிப் பலகை ஒன்றையும் கொண்டுவந்தான். "மாமா, பகலிலை தட்டிப் பார்த்துச் சரிவராது. இரவிலை பாருங்கோ" என்றான். நல்ல யோசனை. பகலில் காலி வீதியின் வாகன இரைச்சலில் எல்லாமே மௌனமாகத்தான் இருந்தன. இரவில் பழுப்பு நிறச் சுவிச்சும் தடதடவென்று கேட்டது.

அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது? விசை கீழே போய் அடித்தட்டில் மோதுகிறது. விட்டதும் மேலே வந்து மூடியில் மோதுகிறது. நீண்ட இடைவெளி விசையைத் தாங்கும் கம்பி கலகலக்கிறது. உள்ளே வெறுமையாக இருக்கும் பெட்டி இவை எல்லாவற்றையும் மத்தளம்போல் பெருப்பிக்கிறது. 'கிளிக்' இல்லாத சுவிச் சத்தமில்லாத சுவிச் அல்ல.

சில பரிகாரங்கள் எளியவை. பலகையின் கீழே தடித்த துணி விரிக்கலாம். பெட்டியின் உள்ளே பஞ்சுத்தகடு வைக்கலாம். தாங்கு கம்பிக்குச் சிறிது கிறீஸ் பூசலாம். ஆனால் மேடுள்ள தண்டிலே கிறீஸை அதிகம் பூசினால் மேடு மழுங்கிவிடும். விசைத்தொப்பியின் உள்ளே இறப்பர் வளையம் மாட்டுவோரும் உண்டு. அது கீழ்மோதலைத் தணிக்கும். மேல்மோதலை ஒன்றும் செய்யாது.

சரியான வழி சுவிச்சின் உள்ளேயே இரண்டு முனைகளிலும் மெத்தை வைப்பதுதான். 1990இல் வந்த அப்பிள் நிறுவனத்தின் பெரிய விசைப்பலகையில், ஜப்பானின் அல்ப்ஸ் நிறுவனம் செய்த இத்தகைய சுவிச்சுகள் இருந்தன. ஜப்பானின் டொப்ரே சுவிச்சில் இறப்பர்க் குமிழின் கீழே கூம்பு வடிவச் சுருள்வில் இருக்கிறது. உலோகம் உலோகத்தைத் தொடாது. கொள்ளளவ மாற்றத்தால் எழுத்து அறியப்படும். பேராசிரியர் எயிட்டி வாடா வடிவமைத்து 1996இல் வந்த சிறிய விசைப்பலகையின் பிற்கால உருவங்களில் இந்தச் சுவிச் இடம்பெற்றது. ஒலி தணித்த வகை 2011இல் வந்தது. குதிரை மாறினாலும் சேணத்தை மாற்றாத அமெரிக்க இடையர்களைப்போல, கணனி மாறினாலும் விசைப்பலகை எழுதுகிறவரோடு இருக்க வேண்டும் என்பது வாடாவின் கொள்கை. அண்மைக் காலத்தில் எம்.எக்ஸ். வடிவத்திலேயே, தண்டின் மேலும் கீழும் சிலிக்கோன் மெத்தை கொண்ட மேடுள்ள சுவிச்சுகள் வந்துள்ளன. 'போபா யு4' அவற்றில் ஒன்று.

இவற்றைத் தட்டிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகியது. மெத்தை வைத்தால் விசை தரையில் இறங்கும் உணர்வு மழுங்கத்தான் செய்யும். அதைத் தவிர்க்க முடியாது. ஆகவே மேடு சிறியதாக இருந்தால் விரலுக்கு ஒன்றுமே மிஞ்சாது. இறப்பர்ப் பலகைக்கே திரும்பிய மாதிரி இருக்கும். மேடு பெரிதாக, விசையின் தொடக்கத்திலேயே இருந்தால், அடியில் என்ன நடக்கிறது என்ற கவலையே இல்லை. எழுத்து விழுந்த செய்தி விரலுக்கு முன்னமே வந்துவிடும். விரலும் சில வாரங்களிலே அடிவரை ஊன்றாமல் இருக்கப் பழகிக்கொள்கிறது. சத்தம் மேலும் குறைகிறது. தேட வேண்டியது ஊமையான விசைப்பலகையை அல்ல. மேடு எங்கே, எவ்வளவு என்பதைத்தான்.

அத்தகைய சுவிச்சுகள் பொருத்திய ஒன்றை மருமகன் பின்னர் அனுப்பிவைத்தான். இந்த உரையையும் அதிலேதான் எழுதினேன். பழக நாலைந்து வாரம் சென்றது. இப்போது இரவு இரண்டு மணி வரை எழுதினாலும் கூடத்தில் அம்மாவின் மூச்சு கேட்கிறது. முன்பெல்லாம் அதைக் கேட்க முடியாது. காடைகளும் குறைந்துவிட்டன.

ஓசை வேண்டும் என்பவர்களை நான் குறைசொல்லவில்லை. அது அவர்களுக்கு எழுத்தின் தாளம். தனி அறை உள்ளவர்கள் தாராளமாகத் தட்டலாம். ஆனால் தனி அறை நம்மில் எத்தனை பேருக்கு வாய்த்திருக்கிறது? பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கு அருகிலும், கைக்குழந்தையின் தொட்டிலுக்கு அருகிலும், நோயாளியின் கட்டிலுக்கு அருகிலும் இருந்துதான் நம்மவர் எழுதுகிறார்கள். பெண் எழுத்தாளர்கள் பலருக்கு வீடு உறங்கிய பிறகு கிடைக்கும் ஒரு மணித்தியாலமே எழுதும் நேரம். அந்த ஒரு மணித்தியாலத்தை ஒரு விசைப்பலகையின் சத்தம் பறித்துவிடலாம். மிஞ்சவும் வைக்கலாம். எழுதாமற் போன கதைகளுக்கு இப்படியும் காரணங்கள் உண்டு.

ஆகவே வாங்க நினைக்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை. பெயரையும் நிறத்தையும் மட்டும் நம்பாதீர்கள். முடிந்தால் இரவல் வாங்கி, உங்கள் மேசையிலே, உங்கள் வீடு உறங்கும் நேரத்திலே, தமிழில் ஒரு பக்கம் தட்டிப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு தட்டுங்கள். ஒவ்வோர் எழுத்தும் விழுந்தது விரலுக்குத் தெரிகிறதா, பக்கத்தில் உறங்குபவர் புரளாமல் இருக்கிறாரா என்று கவனியுங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் அதுவே உங்களுக்கு உரியது.