சூரியனுக்கு அரைப்பேர்

(கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பிள்ளைகளும், அவர்களைப் பார்க்க மலையிலிருந்து வந்த பெற்றோரும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், கொட்டாஞ்சேனையில் மின்வேலை செய்யும் அன்பர் ஒருவர் பேசியது. அவருடைய பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



"சூரிய மின்சாரத்தைப் பத்தி அரை மணித்தியாலம் பேசுங்க, ஆனா யாரும் தூங்கக் கூடாது" என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் பேச்சாளன் அல்ல. ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு மின்சாரச் சாமான் கடையில் வேலை. பிறந்து வளர்ந்தது மஸ்கெலியாப் பக்கம், லயத்தில். ஆகவே கூரையில் ஏறவும் தெரியும், கூரை ஒழுகினால் சட்டியை எங்கே வைப்பது என்றும் தெரியும்.

இங்கே வெள்ளவத்தையில் மாடி வீடுகளுக்கு வயர் இழுக்கப் போகிறபோது எனக்கு ஒரு நினைப்பு வரும். இந்த வீட்டு மின்விசிறி சுற்றுவதற்கு நம்ம ஊர்த் தண்ணியும்தானே உழைக்கிறது! விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். 1950இல் பழைய லக்சபான மின்நிலையம் ஓடத் தொடங்கியது. பிறகு காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை என்று அணைகள் வந்தன. பழைய மஸ்கெலியா டவுனே தண்ணீருக்குள் போனது. நீர் வற்றுகிற காலத்தில் பழைய கோயில் தலையை நீட்டிப் பார்ப்பதை உங்களில் பலர் கண்டிருப்பீர்கள். அந்த மின்சாரம் நம்ம தலைக்கு மேலே கம்பியிலே ஏறிக் கொழும்புக்கு வந்தது. கம்பிக்குக் கீழே இருந்த லயங்களிலே குப்பி விளக்கு. தோட்டத்துத் தொழிற்சாலைக்குச் சொந்தமாக டர்பைன் இருந்த இடங்களிலும் வெளிச்சம் தொரை பங்களாவோடு நின்றுவிட்டது. இது நாட்டிலே எங்களுக்கு மட்டும் வந்த கதையும் அல்ல. 1990இல் இலங்கையில் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குக்கூட மின்சாரம் கிடையாது.

குப்பி விளக்கு என்றதும் சிரிக்கிறீர்கள். அது தட்டுப்பட்டுச் சேலையிலே தீப்பிடித்தவர்கள் எத்தனை பேர்! விஜய கொடகும்புர என்கிற சத்திரசிகிச்சை டாக்டர் அப்படி எரிந்து வந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்துப் பார்த்து மனம் நொந்து, கட்டையாய், கனமாய், உருண்டாலும் மூடி கழராத ஒரு விளக்கைச் செய்தார். மார்மைட் போத்தலின் வடிவத்தைப் பார்த்து வந்த யோசனை அது. 1998இல் அதற்கு ரோலக்ஸ் பரிசு கிடைத்தது. வெளிச்சம் என்பது சொகுசு அல்ல, உயிரோடு சம்பந்தப்பட்ட காரியம் என்பதற்காக இதைச் சொன்னேன்.

சரி, சூரியனுக்கு வருவோம். சூரிய மின்சாரத்தில் இரண்டு சாதி உண்டு. இது தெரியாமல்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள்.

ஒன்று, வெளிக் கம்பியோடு சேர்த்துவிடுகிற பெரிய செட். நாட்டில் 2010இல் இதற்கு வழி திறந்தது. 2016இல் "சூரிய பல சங்கிராமய" என்ற திட்டம் வந்த பிறகு வசதியுள்ளவர்கள் கூரை நிறையப் போட்டார்கள். பகலில் கூரையில் உண்டாகிற மின்சாரத்தைக் கம்பியில் விட்டுக் கணக்கில் வரவு வைத்துக்கொள்வார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஒன்று: பெற்றரி வைக்காத அந்த செட், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் ஏறி வேலை செய்கிறவனுக்குக் கூரையிலிருந்து வரும் மின்சாரம் அடிக்கக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்து வைத்திருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அப்போது வெள்ளவத்தையில் ஓர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கூரையிலே லட்சக்கணக்கிலே தகடு, வீட்டுக்குள்ளே மெழுகுதிரி. இது என்ன நியாயம்?" என்று கேட்டார். பக்கத்திலே நின்ற அம்மா, "மெழுகுதிரிக்கும் காசு உங்க அப்பா வீட்டிலே இருந்தா வருது?" என்று என்னையும் சேர்த்துப் பேசினார். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க இருண்டபோதும் இதே கதை. பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு போய் மாட்டியதுதான் காரணம் என்று மந்திரி சொன்னார். நம்ம ஊர்க் குரங்கு மரக்கறித் தோட்டத்தோடு நிற்கிறது. கொழும்புக் குரங்குக்குக் கை நீளம்.

அதே வருஷம் சித்திரைப் புத்தாண்டு லீவிலே, பகலில் மின்சாரம் மிஞ்சிப் போகிறது, கூரைத் தகடுகளைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. பெரட்டிலே வந்து நின்ற ஆளை "இன்னைக்கு வேலை இல்ல, வீட்டுக்குப் போ" என்று திருப்பி அனுப்புகிற மாதிரி, சூரியனைத் திருப்பி அனுப்பியதை அப்போதுதான் பார்த்தேன்.

மற்றது, பெற்றரியோடு வருகிற சின்ன செட். கம்பிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம்ம ஆட்களிடம் தவணைக்கு விற்க வருகிறது பெரும்பாலும் இதுதான். இதை நடத்துவதற்கு ஒரு வீட்டுக் கணக்கு போதும். ஒரு வாட் சாமான் ஒரு மணித்தியாலம் வேலை செய்தால் ஒரு ரூபாய் செலவு என்று வையுங்கள். 50 வாட் தகடு நல்ல வெயில் நாளில் சுமார் 200 ரூபாய் சம்பாதிக்கும். வயரிலும் பெற்றரியிலும் போகிற கழிவு போக, கைக்கு வருவது 150. சம்பளத்தில் பிடிப்பனவு இருக்கிறதல்லவா, அப்படி.

இனிச் செலவு. 5 வாட் பல்ப் மூன்று, நாலு மணித்தியாலம்: 60 ரூபாய். இரண்டு போன் சார்ஜ்: 20. சின்ன டீவி இரண்டு மணித்தியாலம்: 40. ஆக 120. மிச்சம் 30ஐத் தொடக் கூடாது, அது மழை நாளுக்கு. இஸ்திரிப் பெட்டி 1000 வாட். பத்து நிமிஷம் தேய்த்தால் 160 ரூபாய்க்கு மேலே. ஒரு சட்டையின் மடிப்புக்கு ஒரு நாள் சம்பளம்! சோறு ஆக்குகிற குக்கர் அரை மணித்தியாலத்தில் 250 தின்னும். அது சோறு ஆக்கவில்லை, நம்மைத்தான் ஆக்குகிறது. சின்ன செட்டுகளில் இதெல்லாம் மாட்டவே முடியாது. ஆனாலும் "எல்லாம் ஓடும்" என்று சொல்லி விற்கிறவர்கள் உண்டு.

எங்கள் வீட்டில் இந்த செட்டை நடத்துவது அம்மாதான். பெற்றரிப் பெட்டியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று சின்ன வெளிச்சம். பச்சை இருந்தால் நாடகம் பார்க்கலாம். மஞ்சள் வந்தால் படிக்கிற பிள்ளைக்கு மட்டும் பல்ப். சிவப்பு வந்தால் எல்லோரும் படுக்கணும், அப்பா உட்பட. மேல் வீட்டுத் தம்பி போனை நீட்டிக்கொண்டு வருவான். "பெரியம்மா, ஒரு பத்து நிமிஷம்." அம்மா கேட்பார்: "உன் போன் பத்து நிமிஷத்திலே எந்திரிக்குமா? அதுக்கும் உன்னை மாதிரித்தானே தூக்கம்." சீட்டு பிடித்து நடத்தி, பத்தாம் திகதிச் சம்பளத்தை மாசம் முழுக்க இழுத்த கைக்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய வேலையா?

பனி மூடின ஊரில் இது வேலை செய்யுமா என்று கேட்கிறீர்கள். செய்யும். தகட்டுக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு வேண்டாம். சூடு ஏற ஏறத் தகடு சோர்ந்துபோகும். கொழும்பு வெக்கையைவிட நம்ம குளிர் அதற்கு நல்லது. ஆனால் ஆனி, ஆடி மழையிலே சூரியனுக்கு அரைப்பேர்தான் விழும், சில நாள் அதுவும் விழாது. இரண்டு மூன்று நாள் தாங்குகிற பெற்றரியாகப் பார்த்து எடுக்க வேண்டும். தகட்டின் ஒரு மூலையிலே கொய்யாக் கிளை நிழல் விழுந்தாலும் மொத்த வரும்படியும் குறையும். தண்ணி ஊற்றுகிற பெற்றரி என்றால் பீலித் தண்ணி ஊற்றவே கூடாது, அதற்கென்று விற்கிற காய்ச்சி வடித்த தண்ணிதான். அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கவும் கூடாது; அதிலிருந்து வருகிற காற்று நெருப்பைக் கண்டால் வெடிக்கும்.

இப்போது முக்கியமான சங்கதி. 1997க்கும் 2011க்கும் இடையில் உலக வங்கி உதவியோடு நடந்த திட்டங்களில், கம்பி போகாத கிராமங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்குச் சின்ன செட் போனது, பெரும்பாலும் கடனுக்குத்தான். குப்பி விளக்கில் படித்த பிள்ளைகள் பல்பில் படித்தார்கள். அது பெரிய பாக்கியம். பிறகு கம்பி வந்தது. கடன் முடியாத வீட்டில் தகடு கூரையிலே, தவணைப் புத்தகம் பெட்டியிலே. எங்கள் லயத்திலே ஒருவர், பேர் வேண்டாம், ஐந்து வருஷத் தவணைக்கு ஒரு செட் வாங்கினார். இரண்டாம் வருஷம் பெற்றரி செத்தது. விற்றவர்கள் மலைக்கு ஏறி வரவில்லை. தவணை கேட்கிறவர் மட்டும் மாசா மாசம் தவறாமல் ஏறி வந்தார். மூன்று வருஷம் அந்த மனுஷன் இருட்டுக்குப் பணம் கட்டினார். மகள் அந்த வருஷம் சாதாரண தரப் பரீட்சை எழுதினாள், மெழுகுதிரியில்.

அதனால் தகட்டைப் பார்க்காதீர்கள், அது இருபது வருஷம் கிடக்கும். பெற்றரியைக் கேளுங்கள். எத்தனை வருஷ உத்தரவாதம், எழுத்திலே உண்டா, நமக்கு வாசிக்கத் தெரிந்த பாஷையிலே உண்டா, புதுப் பெற்றரி தனியாக என்ன விலை, பழுதுபார்க்கிறவன் எந்த ஊரிலே இருக்கிறான்? கடைசிக் கேள்விக்குக் "கொழும்பு" என்று பதில் வந்தால் அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கூரை யாருடையது என்பதும் உண்டு. வெள்ளவத்தை மாடியிலே முப்பது குடும்பத்துக்கு ஒரு மொட்டை மாடி. தகடு போடுவது யார் என்று அங்கே நடக்கிற சண்டையைப் பார்த்தால் நம்ம லயத்துச் சண்டை ஒன்றுமே இல்லை. லயக் கூரை நமக்குச் சொந்தம் இல்லை. ஓட்டை போட்டால் தோட்ட நிர்வாகம் கேட்கும், ஒழுகினால் பக்கத்துக் காம்பராக்காரர் கேட்பார். எழுத்திலே அனுமதி வாங்குங்கள். இல்லையென்றால் மரக்கறித் தோட்டத்தில் இரும்புக் கம்பம் நட்டு அதிலே கட்டுங்கள், வீடு மாறினால் கழற்றிக்கொண்டு போகலாம். ஏழு பேர்ச் காணியிலே தனி வீடு கிடைத்தவர்கள், உறுதிப்பத்திரம் கையிலே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரிய செட்டும் வங்கிக் கடனும் அதற்குப் பிறகுதான்.

தேத்தண்ணி வந்துவிட்டது. தவணைக் கடதாசி கையில் வைத்திருக்கிற ஐந்தாறு பேர் இங்கே இருக்கிறதாகச் சொன்னார்கள். கையெழுத்துப் போடாதவர்கள் முதலில் வாருங்கள். போட்டவர்களும் வாருங்கள், பெற்றரிக்கு உத்தரவாதம் எத்தனை மாசம் மிச்சம் இருக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.