பல்கலைக்கழகம் யாரிடம் சாமான் வாங்குகிறது?

(தோட்ட மாதர் கமிட்டிகளின் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானால் அந்த லயமே சந்தோஷப்படுகிறது. பிள்ளைகள் படிக்கப் போகும் வாசலைப் பற்றி இந்த மேடையில் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று லொறி போகிற வாசலைப் பற்றிப் பேசுவோம்.

ஆயிரக்கணக்கான பிள்ளைகள் தங்கிப் படிக்கும் இடத்துக்குத் தினமும் அரிசி வேண்டும், மரக்கறி வேண்டும், பால் வேண்டும், தேயிலைத்தூள் வேண்டும். கடதாசி, மேசை, கதிரை, திரைச்சீலை, துப்புரவு வேலை, காவல் வேலை, கட்டட வேலை எல்லாம் காசு கொடுத்து வாங்கப்படுகின்றன. அந்தக் காசு யார் கைக்குப் போகிறது? சுற்றியிருக்கும் ஏழை மக்களுக்கு அதில் ஒரு பங்காவது கிடைக்கிறதா? உலகத்தில் சில இடங்களில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் போராடியிருக்கிறார்கள். அந்தக் கதையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தின் மேற்குப் பகுதியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் இருக்கிறது. பணக்காரப் பல்கலைக்கழகம். பக்கத்தில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின ஏழைகள். 1960களில் நகரத்தைப் புதுப்பிக்கிறோம், கல்வி ஆராய்ச்சிக்கு இடம் வேண்டும் என்று சொல்லி, ‘பிளாக் பொட்டம்’ என்று அழைக்கப்பட்ட குடியிருப்பை இடித்தார்கள். ஆயிரக்கணக்கான மக்கள் வீடு இழந்தார்கள். தோழர்களே, குடியிருக்கும் கூரை தன் பேரில் இல்லாதவனுக்கு என்ன நடக்கும் என்பதை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

இடித்த வீடு திரும்பவில்லை. ஆனால் அந்த மக்களின் கோபம் அடங்கவில்லை. சுற்றுப்புறம் வறுமையில் கிடக்க, நடுவில் பல்கலைக்கழகம் மட்டும் செழித்து வாழ முடியாது என்பது நிர்வாகத்துக்கும் மெல்ல மெல்லப் புரிந்தது. 1980களில் ‘மேற்குப் பிலடெல்பியாவில் வாங்குவோம்’ என்ற திட்டம் ஆரம்பமானது. 1994 இல் தலைவராக வந்த ஜூடித் ரோடின், அதே நகரத்தில் வளர்ந்தவர், அதைப் பெரிதாக்கினார். கட்டட ஒப்பந்தங்களிலும் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் பங்கு இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தார்கள். ஊர்ச் சிறு வியாபாரி தனியாகப் பெரிய ஒப்பந்தத்தைத் தாங்க முடியாத இடத்தில், பெரிய கம்பனியும் அவரும் சேர்ந்து செய்யும்படி ஏற்பாடு பண்ணினார்கள்.

அந்த நாட்டில் இதற்குச் சட்டப் பின்னணியும் இருந்தது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்துக்குப் பிறகு, 1969 இல் ஜனாதிபதி நிக்சன் சிறுபான்மையினரின் தொழில் முயற்சிகளுக்கென ஓர் அலுவலகத்தை அமைத்தார். 1978 இல் வந்த சட்டம், மத்திய அரசின் பெரிய ஒப்பந்தங்களைப் பெறுகிறவர்கள் சிறு வியாபாரிகளுக்கும் பின்தங்கிய சமூகத்தாருக்கும் உப ஒப்பந்தங்களில் இடம் கொடுக்கத் திட்டம் காட்ட வேண்டும் என்றது. ஆராய்ச்சி ஒப்பந்தம் வாங்கும் பல்கலைக்கழகங்களும் அதற்குள் அடங்கின. வியாபாரத்தின் 51 சதவீதமாவது அந்தச் சமூகத்தவர் கையிலோ பெண்கள் கையிலோ இருந்து, அவர்களே அதை நடத்தவும் வேண்டும் என்பது அங்கே பொதுவான அளவுகோல்.

இதெல்லாம் ஒரே நேர்கோட்டில் போகவில்லை. 1996 இல் கலிபோர்னியா மக்கள் வாக்கெடுப்பில், அரச ஒப்பந்தங்களில் இனம், பால் பார்த்து முன்னுரிமை கொடுக்கக் கூடாது என்று முடிவானது. அங்குள்ள அரச பல்கலைக்கழகம் வேறு வழியாக, சிறு வியாபாரங்களுக்கு இடம் கொடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி பிறப்பித்த உத்தரவு, மத்திய அரசின் ஒப்பந்தகாரர்களுக்கு 1965 முதல் இருந்துவந்த சம வேலைவாய்ப்பு உத்தரவையே நீக்கியது. அறுபது வருடக் கட்டளை ஒரு கையெழுத்தில் போய்விட்டது. போராடிப் பெற்றதைக் காவல் காக்காவிட்டால் அது நிலைக்காது. இது நமக்கும் பொருந்தும்.

சரி, பிலடெல்பியாவுக்கும் நமது பிரட்டுக்களத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சொல்கிறோம்.

எங்கள் மாதர் குழுவொன்று லயத்தைச் சுற்றியுள்ள சரிவில் லீக்ஸும் கரட்டும் கோவாவும் போட்டது. நல்ல விளைச்சல். பக்கத்தில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு மரக்கறி கொடுக்கலாம் என்று சகோதரிகள் போனார்கள். வியாபாரப் பதிவு இருக்கிறதா என்று கேட்டார்கள். பதிவுக்குப் போனால் இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். லயக் காம்பராவுக்கு உறுதி ஏது? அடுத்து, பிணைப்பணம் கட்டச் சொன்னார்கள். அரிசி, கருவாடு, மரக்கறி எல்லாவற்றையும் ஒருவரே தர வேண்டும் என்றது கேள்விப்பத்திரம். அதுவும் அவர்களுக்கு விளங்கும் மொழியில் இல்லை. கடைசியில் டவுன் முதலாளி ஒருவர் அதே மரக்கறியை அவர்களிடம் மலிவாக வாங்கி, அதே நிறுவனத்துக்கு விற்றார். மண்ணைக் கொத்தியது நம் பெண்கள். இலாபம் லொறிக்காரனுக்கு.

யாரும் “தோட்டத்து ஆளிடம் வாங்காதே” என்று எழுதிவைக்கவில்லை. எழுதாமலே அடைத்துவிட்டார்கள். குடியுரிமை பறிபோன 1948 முதல் காணி உறுதி இல்லாத இந்த நாள் வரை, நம்மை வெளியே நிறுத்திய ஒவ்வொரு வேலியும் அந்தப் படிவத்தில் ஒவ்வொரு வரியாக வந்து நிற்கிறது.

மலையகத்தின் நடுவிலேயே பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. பேராதனை இருக்கிறது. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ இருக்கிறது. பொதுப் பணத்தில் நடக்கும் இந்த நிறுவனங்களிடம் நாம் தருமம் கேட்கவில்லை. தரம் குறைந்த சாமானை வாங்கச் சொல்லவுமில்லை. கேட்பது இவைதான்.

பெரிய கேள்விப்பத்திரத்தைச் சிறு பகுதிகளாகப் பிரியுங்கள். மரக்கறியைத் தனியாக, பாலைத் தனியாகக் கேளுங்கள். அறிவித்தலைத் தமிழிலும் போட்டு, பிரதேச செயலகத்திலும் தோட்டத்திலும் ஒட்டுங்கள்; 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. உறுதி இல்லாத லயக் குடும்பத்துக்கு மாற்று அத்தாட்சியை ஏற்றுக்கொள்ளுங்கள். சாமான் எடுத்தால் முப்பது நாளுக்குள் காசு கொடுங்கள். அன்றாடம் உழைத்துச் சாப்பிடுகிறவளால் மூன்று மாதம் காசோலைக்குக் காத்திருக்க முடியாது.

தொழிற்சங்கம் என்ற முறையில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலாளி நம் ஆளாக இருந்தால் மட்டும் தொழிலாளிக்கு விடிவு வந்துவிடாது. நம் ஊர்க்காரரே சிற்றுண்டிச்சாலை ஒப்பந்தம் எடுத்து, வேலை செய்யும் பெண்களுக்கு ஊழியர் சேமலாப நிதி கட்டாமல் விட்டால் அதையும் எதிர்ப்போம். பெயருக்கு ஒரு பெண்ணை உரிமையாளராகக் காட்டி, பின்னால் பழைய முதலாளியே நடத்தும் ஏமாற்று வேலைகளுக்கும் நாம் இடம் கொடுக்கக் கூடாது. ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் சம்பளம், சேமலாப நிதி, நம்பிக்கை நிதி பற்றிய நிபந்தனை இருக்க வேண்டும்.

நம் பக்கத்திலும் வேலை இருக்கிறது. தனித்தனியாகப் போனால் திருப்பி அனுப்புவார்கள். நாலைந்து தோட்டத்து மாதர் குழுக்கள் கூட்டுறவுச் சங்கமாகப் பதிந்து போனால் உட்கார வைத்துப் பேசுவார்கள். கணக்குப் புத்தகம் ஒழுங்காக இருக்க வேண்டும். சொன்ன நாளில் சொன்ன எடை போய்ச் சேர வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது தராசில் குறைத்தால் நமக்கு எவ்வளவு வயிறு எரிகிறது? நம் தராசும் நேராக இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாருங்கள்: எத்தனை பேர் மரக்கறி போடுகிறார்கள், எத்தனை மாடு பால் தருகிறது, தையல் தெரிந்தவர்கள் யார், பதிவுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் யார். அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு பல்கலைக்கழக நிர்வாகங்களிடம் பேச்சுவார்த்தைக்கு நேரம் கேட்போம்.

நம் பிள்ளை அங்கே படிக்கட்டும். அவள் மதியம் சாப்பிடும் கறியில் அவள் அம்மா போட்ட கரட்டும் இருக்கட்டும். அதற்கான நியாயமான விலை அம்மாவின் கைக்கே வரட்டும்.