தொழிற்பெயரும் ஆங்கில விண்ணப்பமும்



எளிய சொற்களால் உழைப்பின் பெருமையைப் பாடிய மக்கள் கவிஞர் கல்யாணசுந்தரம் (1930–1959) பிறந்த வட்டாரம் பட்டுக்கோட்டை. இவ்வட்டார உழவர்க்குத் தொழிற்பெயர் புதிதன்று. உழவு, நடவு, அறுப்பு என அவர்கள் நாளும் வழங்குவன யாவும் தொழிற்பெயர்களே. வினையடியோடு தல், அல், கை, பு, வு முதலிய விகுதிகள் சேர, அச்சொல் தொழிலுக்குப் பெயராகி வேற்றுமை ஏற்கும். தொல்காப்பியத்திலேயே இடம்பெற்ற குறியீடு இது. ஆங்கிலத்தில் இதனை ஒத்தது 'ஜெரண்ட்'.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் 'திறத்தல்' தொழிற்பெயர், 'திறக்கும்' பெயரெச்சம். வடிவமே இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். ஆங்கிலத்திலோ 'ஓப்பனிங்' என்னும் ஒரே வடிவம் இரு பணிகளையும் செய்கிறது. மயக்கம் தோன்றுவது இங்கேதான்.

கடைமடை ஊரார் நீர்ப்பங்கீடு குறித்து ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதுவதாகக் கொள்க. 'வி அப்ஜெக்ட் டு ஃபார்மர்ஸ் ஓப்பனிங் தி ஷட்டர்' என்று எழுதினால், முறை தவறி மதகைத் திறத்தலை எதிர்க்கின்றனரா, திறக்கும் உழவரையே எதிர்க்கின்றனரா என்பது ஐயமாகும். 'ஃபார்மர்ஸ்' என்னும் சொல்லின் ஈற்றில் உடைமை காட்டும் மேற்குறியை இட்டால், 'உழவரது திறத்தல்' என ஆறாம் வேற்றுமைப் பொருள் தோன்றி, எதிர்ப்பு செயலின்மேல் நிற்கும். 'தி ஓப்பனிங் ஆஃப் தி ஷட்டர் பை ஃபார்மர்ஸ்' என்றால் ஐயத்திற்கே இடமில்லை.

'மூவிங் கார்ட்ஸ் கேன் பீ டேஞ்சரஸ்' என்பதும் இத்தகையதே. வண்டிகளை நகர்த்துதல் தீங்கா, நகரும் வண்டிகள் தீங்கா? 'கேன் பீ' என்பதை நீக்கி 'இஸ்' என ஒருமை வினை அமைத்தால் தொழிற்பெயர். 'ஆர்' எனப் பன்மை அமைத்தால் எச்சம்.

தமிழ் மாணவர் தவறும் இடம் மற்றொன்று. 'சந்திக்க எதிர்நோக்குதல்' என்னும் தமிழ் வழக்கை ஒட்டி 'லுக் ஃபார்வர்ட் டு மீட்' என எழுதிவிடுகின்றனர். 'மீட்டிங்' என்பதே முறை. அங்குள்ள 'டு' முன்னிடைச்சொல் ஆதலின் அதன்பின் பெயரே வரவேண்டும். ஐயமுற்றால் அவ்விடத்தில் 'தி ஹார்வெஸ்ட்' என ஒரு பெயரை வைத்துப் பார்க்கலாம். அது பொருந்தினால் தொழிற்பெயரும் பொருந்தும்.

செயலைக் கடிதல் வேறு; செய்தவரைக் கடிதல் வேறு. ஒரே வாய்க்காலில் நீர் பாய்ச்சி வாழ்வோர்க்கு இவ்வேறுபாடு இலக்கணம் மட்டுமன்று, உறவும் ஆகும். விண்ணப்பத்தில் இடாது விட்ட சிறு குறி, அண்டை வயலாரைப் பகைவராக்கிவிடக் கூடாது.