இசையைப் பற்றி வாதாடுவது எப்படி?



பிள்ளைகளின் படிப்பு, வீட்டுச் சிக்கனம், உடல்நலம் ஆகியவற்றைப் பற்றி இந்த வரிசையில் முன்பு கேட்டிருப்பீர்கள். இன்றைய பேச்சு இசை ரசிகர்களின் வாதத்தைப் பற்றியது. ‘பாட்டுக் கேட்பதே பொழுதுபோக்கு, அதைப் பற்றி வாதாடுவது வெட்டிப் பேச்சு’ என்று சிலர் நினைக்கலாம். முறையாக வாதாடினால் அதுவும் ஒரு படிப்புத்தான். அது எப்படி என்பதைச் சற்று நேரம் சிந்திப்போம்.

சிங்கப்பூருக்கு வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்குத் தேக்கா என்ற பெயர் புதியதன்று. சிராங்கூன் சாலையையும் அதை ஒட்டிய தெருக்களையும், நடுவே உள்ள சந்தையையும் சேர்த்தே நாம் அப்படிச் சொல்கிறோம். இப்போதுள்ள சந்தைக் கட்டடம் 1982இல் திறக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டு முதல் அதன் பெயரே தேக்கா நிலையம். முன்பெல்லாம் அந்த வட்டாரத்தில் பூமாலைக் கடைக்கும் மளிகைக் கடைக்கும் பக்கத்திலேயே ஒலிநாடாக் கடையும் இருக்கும். இன்று பாட்டுகள் கைத்தொலைபேசிக்குள் போய்விட்டன. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் தேநீரை முன்னால் வைத்துக்கொண்டு, ‘எந்த இசை உயர்ந்தது?’ என்று பேசும் வழக்கம் மட்டும் போகவில்லை.

அப்படி அங்கே என் காதில் விழுந்த ஒரு வாதத்தைச் சொல்கிறேன். அது இளையராஜா 1986இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்ற இசைத் தொகுப்பைப் பற்றியது. ‘இதற்கு என்ன பெயர் வைப்பது?’ என்பது அதன் பொருள். இது சினிமாவுக்காகச் செய்த இசையன்று. இதில் பத்து உருப்படிகள் உண்டு. பாட்டு வரிகள் இல்லை, வாத்தியங்களே பேசுகின்றன. முதன்மை வயலினை வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். திருவையாற்றுத் தியாகராஜருக்கும், ஜெர்மனி நாட்டு இசை மேதை பாஹுக்கும் காணிக்கையாக இத்தொகுப்பு வெளிவந்தது. பாஹ் வாழ்ந்த காலம் 1685 முதல் 1750 வரை. தியாகராஜர் வாழ்ந்த காலம் 1767 முதல் 1847 வரை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இந்தத் தொகுப்பில்தான் அவர்களுடைய இரு இசை மரபுகளும் அருகருகே உட்காருகின்றன.

வாதம் இப்படித்தான் தொடங்கியது. வயதான ஒருவர் சொன்னார்: “தம்பி, ராகம் என்பது ஆற்று நீர் மாதிரி ஒரே ஓட்டமாகப் போக வேண்டும். அடியில் பத்துப் பேர் வேறு வேறு சுரம் வாசித்தால் கமகம் எப்படி நிற்கும்? இது கச்சேரியுமில்லை, வெள்ளைக்காரன் சங்கீதமுமில்லை.”

எதிரே இருந்த இளைஞர் தோட்டத்திலிருந்து வந்து அங்கே தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். அவர் சொன்னார்: “ஐயா, அந்த வயலினைத் தனியாகக் கவனியுங்கள். சுரத்தை அசைக்க வேண்டிய இடத்தில் அசைத்துத்தான் வாசிக்கிறார். அடியில் வருகிற வாத்தியங்கள் அதை மறைக்கவில்லை, தாங்குகின்றன.”

கூட இருந்த மூன்றாமவர், “பாட்டே இல்லாத பாட்டை எப்படியப்பா முணுமுணுப்பது? இவருடைய சினிமாப் பாட்டு ஒன்றுக்கு இது ஈடாகுமா?” என்று குறுக்கிட்டார்.

இதுவரையில் அது நல்ல வாதம். பிறகு பெரியவர் ஒன்று சொன்னார்: “இதெல்லாம் சபாவுக்குப் போகிறவர்கள் கேட்கிற சங்கதி. பால்மரம் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு?” அந்த இளைஞர் அதற்குப் பிறகு வாய் திறக்கவில்லை.

நேயர்களே, இசையைப் பற்றிய கேள்விகளுக்கு அவரிடம் பதில் இருந்தது. ‘நீ யார்?’ என்ற கேள்வி வந்ததும் பதில் நின்றுவிட்டது. அவர் சொல்லியிருக்கக் கூடிய பதில்களை நாம் இப்போது பார்க்கலாம்.

முதலாவது, கலப்பைப் பற்றியது. இன்று கர்நாடகக் கச்சேரியில் வயலின் இல்லாத மேடையைக் காண்பது அரிது. அந்த வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்த வாத்தியம். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை ஐரோப்பியரிடம் கற்று, நம் இசைக்குப் பழக்கியவர்களில் முன்னோடி. முத்துசுவாமி தீட்சிதரே மேனாட்டு மெட்டுகளுக்கு நொட்டுசுர சாகித்தியங்களை இயற்றினார். ஆகவே, வேறு நாட்டு இசை கலந்தது என்பதற்காக மட்டும் ஒன்றைத் தள்ளிவிட முடியாது. கலந்தது ஒட்டியிருக்கிறதா, ஒட்டவில்லையா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இரண்டாவது, பல குரல் இசையைப் பற்றியது. நம் ராக இசையில் ஒரு குரல் நீண்டு, வளைந்து, விரிந்து போகும். பாஹின் இசையில் இரண்டு மூன்று குரல்கள் ஒரே நேரத்தில் தனித்தனி வழியில் நடக்கும். அவற்றில் ஒரு வகைக்கு ஃபியூக் என்று பெயர். பள்ளியில் ஒரு வரிசைப் பிள்ளைகள் ஓரடியைப் பாடத் தொடங்கியதும், அடுத்த வரிசை சற்றுப் பொறுத்து அதே அடியைத் தொடங்கும் அல்லவா? முதல் வரிசை அதற்குள் வேறு அடிக்குப் போயிருக்கும். இரண்டும் சேர்ந்து இனிமையாகவே ஒலிக்கும். ஃபியூக்கின் அடிப்படை அதுதான். இத்தொகுப்பில் அந்தப் பெயரைத் தாங்கிய உருப்படி ஒன்றும் உண்டு.

இது நமக்குப் பழக்கமில்லாத சங்கதியா? தோட்டத்துக் கோவில் திருவிழாவில் உறுமி மேளத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். உறுமி ஒரு பக்கம் இழுத்து முனகும்; பம்பை வேறு கணக்கில் விழும்; ஜால்ரா இரண்டையும் கட்டி வைக்கும். எந்தக் கருவி அடி தவறியது என்று நம் வீட்டுப் பத்து வயதுப் பையன் சொல்லிவிடுவான். அந்தக் காது பாஹைக் கேட்கவும் போதும்.

மூன்றாவது, ‘தோட்டத்துப் பிள்ளைக்கு என்னத்துக்கு?’ என்ற கேள்வி. இந்த இசையைச் செய்தவர் எங்கிருந்து வந்தவர்? மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் உள்ள பண்ணைப்புரம் என்ற சிற்றூரில் 1943இல் பிறந்தவர். அவருடைய அண்ணன் பாவலர் வரதராஜன் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் பாடியவர். 1958இல் கேரளத்தில் தேவிகுளம் இடைத்தேர்தல் நடந்தது. அது தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்கள் நிறைந்த மலைத் தொகுதி. கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூசுக்காக வரதராஜன் அங்கே தமிழில் பாடி வாக்குக் கேட்டார். ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். பின்னாளில் பாஹைத் தன் வீட்டில் சந்தித்ததாக ஓர் உருப்படிக்குப் பெயர் வைத்தவர், அந்த அண்ணனின் குழுவில் ஊர் ஊராகப் போய்ப் பாடியும் வாசித்தும் வளர்ந்தவர். சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசையைக் கற்றார். 1976இல் ‘அன்னக்கிளி’ வந்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. தேயிலைத் தோட்டத்து மக்களின் முன்னால் பாடிய ஒரு குடும்பத்திலிருந்து வந்த இசை, ரப்பர் தோட்டத்து வீட்டுக்கு எப்படி அந்நியமாகும்?

இப்படிச் சொல்வதால் அந்தத் தொகுப்பைக் குறை சொல்லவே கூடாது என்று பொருளாகாது. பெரியவரின் குறையில் நியாயம் உண்டு. கச்சேரியில் ஒரு ராகத்தை அரை மணி நேரம் ஆலாபனை செய்யும்போது கிடைக்கும் நிதானம் இந்தச் சிறிய உருப்படிகளில் இல்லை. ராகம் மலரத் தொடங்கும்போதே உருப்படி முடிந்துவிடுகிறது என்று எனக்கும் சில இடங்களில் தோன்றியதுண்டு. முணுமுணுக்க முடியவில்லை என்றவரின் குறைக்கு ஒரு பதில் உண்டு. பாலு மகேந்திராவின் ‘வீடு’ படத்தில் இந்த இசை பின்னணியாக ஒலித்தது. சொந்த வீடு கட்ட ஒரு பெண் படும் பாட்டைச் சொல்லும் அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு, சொல் இல்லாமலே அந்த இசை பேசியது.

மேனாட்டு ரசிகர்களும் இப்படித்தான். 1967இல் பீட்டில்ஸ் குழுவினர் ‘சார்ஜண்ட் பெப்பர்ஸ்’ என்று தொடங்கும் பெயருடைய ராக் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அதில் ஒரு பாட்டில் தம்பூராவும் தபேலாவும் திலரூபாவும் ஒலிக்கும். உலகமே புகழ்ந்தபோது, நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டைன் என்ற விமர்சகர் குறை சொல்லி எழுதினார். வாசகர்கள் அவரைக் கண்டித்துக் கடிதம் எழுதினார்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த இசைத்தட்டைப் பற்றிய வாதம் ஓயவில்லை. நல்ல இசை வாதத்தால் தேய்வதில்லை. கேட்பவர்களின் காதுதான் கூர்மையாகிறது.

அதற்குச் சில முறைகள் உண்டு. பேசுவதற்கு முன் முழுவதும் கேட்க வேண்டும். ‘நன்றாயிருக்கிறது, நன்றாயில்லை’ என்று நிறுத்தாமல், எந்த இடம், எந்த வாத்தியம் என்று காட்ட வேண்டும். எதிராளி காட்டும் இடத்தை மறுபடி போட்டுக் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இசையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டு, பேசுகிறவரின் பிறப்பையும் தொழிலையும் இழுக்கக் கூடாது. இந்தத் தொகுப்பில் ஓர் உருப்படியின் பெயரே ‘ஒப்பிடாதே’ என்ற பொருள் தரும். இசையோடு இசையைப் பொறுமையாக ஒப்பிடலாம் என்பது என் கருத்து. மனிதனோடு மனிதனை ஒப்பிட்டுத் தாழ்த்துவதைத்தான் விட வேண்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு மாலை, வேலை முடிந்து குளித்துப் பசியாறிய பிறகு, ஏதாவதொரு வாத்திய இசையைப் பிள்ளைகளோடு சேர்ந்து கேளுங்கள். எத்தனை வாத்தியங்கள் கேட்டன என்று எண்ணச் சொல்லுங்கள். எந்த இடம் பிடித்தது, ஏன் பிடித்தது என்று கேளுங்கள். அண்ணனும் தங்கையும் வேறு வேறு பதில் சொன்னால் அதட்டாமல், காரணம் சொல்ல விடுங்கள். தன் காதால் கேட்டதைத் தன் சொல்லால் எடுத்துரைக்கப் பழகிய பிள்ளை, நாளை வகுப்பறையிலும், வேலையிடத்திலும், சங்கக் கூட்டத்திலும், ‘இது உனக்கு என்னத்துக்கு?’ என்று எவர் கேட்டாலும் வாயடைத்து நிற்காது.