விரல்விட்டு எண்ணுதல் குற்றமா?



'இந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது' என்னும் தீர்ப்பை என் ஆசிரியப் பணிக்காலத்தில் பன்முறை கேட்டிருக்கிறேன். அதற்குச் சான்றாகப் பெரும்பாலும் கூறப்பட்டது, பிள்ளை விரல்விட்டு எண்ணுகிறது என்பதே. அது குற்றந்தானா என்று சற்றே ஆராய்வோம்.

அளவை உணரும் ஆற்றல் பேச்சு வருமுன்னரே அரும்பிவிடுகிறது. காரன் வின் என்னும் உளநூல் அறிஞர் 1992-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 5 மாதக் குழந்தைகளின் முன் ஒரு பொம்மையை வைத்துத் திரையால் மறைத்தார். அவை காணுமாறு மற்றொன்றையும் திரைக்குப் பின் வைத்தார். திரை நீங்கியபோது ஒரு பொம்மையே இருக்கக் கண்டால், குழந்தைகள் அதனைக் கூடுதல் நேரம் உற்று நோக்கின.

ஆனால், எட்டும் ஏழும் பதினைந்து என்பது தானே வருவதன்று. குழந்தை முதலில் எண்ணிக் காண்கிறது. பலமுறை கண்ட விடை பின்னர் நினைவிற் படிகிறது. பிள்ளைகள் 7 முதல் 9 வயதளவில் எண்ணுதலை விட்டு நினைவிலிருந்து விடை கூறும் நிலைக்கு மாறுங்கால், மூளையினுள்ளே கடற்குதிரை வடிவில் அமைந்த ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி மிகுதியாக உழைக்கிறது என 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. ஆதலின், விரல் நினைவுக்கு ஏறும் படியே ஆகும்.

மனத்தின் பணியிடமோ மிகச் சிறிது. எங்கே தொடங்கினோம், எத்தனை எண்ணினோம் என்னும் இரண்டையும் பிள்ளை அங்கே தாங்கவேண்டும். விரல் அச்சுமையிற் பங்கு கொள்கிறது. 'விரைந்து சொல்' என்று அதட்டினால், அச்சம் அச்சிறு இடத்தை அடைத்துக்கொள்கிறது. தெரிந்த விடையும் வாய்க்கு வருவதில்லை.

ஆசிரியர் விரலை விலக்க வேண்டுவதில்லை. அடுத்த படியைக் காட்டினால் போதும். புளியங்கொட்டைகளை எட்டாகவும் ஏழாகவும் இரு குவியல் வைக்கட்டும். ஏழிலிருந்து இரண்டை எடுத்து எட்டுடன் சேர்த்தால் பத்து, எஞ்சியவை ஐந்து. 'பதினைந்து' என்னும் சொல்லே பத்தையும் ஐந்தையும் காட்டி நிற்கிறதல்லவா? பொருள் விளங்கியபின் வாய்பாட்டை நாள்தோறும் சிறிது சிறிதாகச் சொல்லிப் பழகட்டும். நினைவு முதிர முதிர, விரல் தானே ஓயும். ஓயவில்லையெனில், எந்தப் படி விடுபட்டது என்று தேடுவதே ஆசிரியர் கடமை.

உங்களுள் சிலர் நாளை ஆசிரியராவீர்கள். பலருக்கு வீட்டில் தம்பி தங்கையர் இருப்பர். அவர்கள் தவறாக விடை கூறினால், 'எப்படிக் கண்டாய்?' என்று அன்போடு கேளுங்கள். அவ்விடையில் பிள்ளை சென்ற வழி புலப்படும். அவ்வழியிலேயே கைப்பிடித்து அழைத்து வரலாம். கணக்கு வராது என்று ஒரு பிள்ளையை நம்பவைப்பது எளிது. அந்நம்பிக்கையைப் பின்னர் மாற்றுவது அரிது.