பாட்டு யார் வாயில் இருக்கிறது?

(திருநள்ளாற்றில் கூடிய ஆதரவாளர் கூடுகையில் ஆஸ்பத்திரிச் சாப்ளின் ஆற்றிய உரை)



வருகிற கல்வியாண்டில் இந்தத் திருநள்ளாறு கொம்யூனிலுள்ள மாணவ மாணவியருக்குப் பாட்டெழுதும் போட்டி ஒன்றை நடத்த நம் கிராம சுகாதாரக் குழுவினர் தீர்மானித்திருப்பதை அறிவீர்கள். பாட்டு ஏதாவதொரு சமூகக் கேட்டைப் பற்றியோ, நம் மண்ணையும் நீரையும் பற்றியோ இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. இதை அறிவித்ததும் உங்களில் சிலர் கடிதம் எழுதினீர்கள். "மருந்து வாங்கக் கொடுத்த பணத்தைப் பாட்டுக்கா செலவழிப்பது?" என்பதே அவற்றின் சாரம். நியாயமான கேள்விதான். ஒரு விதவைத் தாய் சேர்த்து அனுப்பும் காணிக்கைக்குக் கணக்குச் சொல்ல நாங்கள் கடமைப்பட்டவர்கள். ஆகையால் இன்று பிரசங்கம் செய்யாமல், அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறோம்.

உபாகமம் 31ஆம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். மோசே மரிக்கப் போகிறான். நியாயப்பிரமாணத்தை எழுதி ஆசாரியர் கையில் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகும் கர்த்தர் அவனிடம் ஒரு பாட்டை எழுதச் சொல்லுகிறார். எழுதி வைத்தால் போதாது, ஜனங்களுக்குக் கற்பித்து அவர்கள் வாயில் வைக்கச் சொல்லுகிறார். பிற்காலத்தில் அவர்கள் வழிதவறித் துன்பப்படும் நாளிலும் அந்தப் பாட்டு அவர்கள் சந்ததியின் வாயிலிருந்து மறக்கப்படாது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். சட்டப் புத்தகம் பெட்டியின் பக்கத்தில் இருக்கும். பாட்டு தெருவில் இருக்கும். எங்கள் போட்டிக்கு இதைவிடத் தெளிவான விதி வேறு கிடைக்கவில்லை.

இது நம் தமிழ்ச் சபைக்குப் புதிதும் அல்ல. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை (1774–1864) அறியாத கிறிஸ்தவக் குடும்பம் நம்மிடையே இராது. சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்து, இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள தரங்கம்பாடியிலும் வேதசாஸ்திரம் படித்தவர். அத்தனை படித்தவர் எந்த வடிவங்களைத் தேடிப்போனார்? ஏற்றம் இறைக்கிறவன் பாடும் பாட்டின் வடிவில் ஞான ஏற்றப்பாட்டு செய்தார். பெண்கள் கைகொட்டிச் சுற்றிவரும் கும்மியை எடுத்து, மூடப் பழக்கங்களைச் சாடும் சாஸ்திரக் கும்மி எழுதினார். ஏற்றக்காரனுக்கு மெட்டு ஏற்கெனவே தெரியும், வார்த்தைகள் மட்டும் புதிது. அவன் வாய்க்கு அது சுலபமாக ஏறியது.

எங்கள் காலத்து இறையியல் மாணவர்கள் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு ஐயரை நினைவுகூருவார்கள். பரட்டை என்ற பெயரால் அறியப்பட்டவர், 2005இல் ஆண்டவருக்குள் நித்திரையடைந்தார். கிராமத்தார் எல்லாரும் ஒரே உலையில் பொங்கி ஒன்றாய் உண்பதைத் தம் இறையியலின் நடுவில் வைத்தவர் அவர். நாட்டுப்புற மெட்டில் பாடுவதற்கு அவர் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. சாஸ்திரீய சங்கீதத்தையும் மேல்நாட்டு ஞானப்பாட்டையும் எழுதினபடியே பாட வேண்டும். நாட்டுப்பாட்டையோ கிராமத்து ஜனங்கள் தங்கள் தேவைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம், மாற்றும்போதுதான் அது அவர்களுடையதாகிறது. பாட்டெழுதுகிற பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கசக்கும். தன் வரியை இன்னொருவர் மாற்றினால் எந்தக் கவிஞனுக்குப் பிடிக்கும்?

சரி, பாட்டினால் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். இரண்டு ஊர்க் கதைகளைச் சொல்லுகிறோம்.

புதுக்கோட்டையில் 1991இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஷீலா ராணி சுங்கத் அம்மையார் கலெக்டராக இருந்தார்கள். எழுத்தறிவோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுக்கப்பட்டது. இயக்க ஊழியர் முத்து பாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு அவர்களுடைய கீதமாகவே ஆகிவிட்டது. கல் குவாரியில் வேலை செய்த பெண்களும், கிராம நர்சுகளும், ஆசிரியைகளுமாகப் பல்லாயிரம் பேர் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளை வாங்கினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பினவர்களும் உண்டு! ஆனால் பாட்டு மட்டும் இந்த வேலையைச் செய்துவிடவில்லை. சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு இருந்தது. பாட்டு வெட்கத்தைப் போக்கியது, கடன் சைக்கிளைக் கொடுத்தது. இரண்டும் வேண்டும்.

மற்றது ஆந்திராவின் நெல்லூர் மாவட்டம். அங்கும் 1991இல் எழுத்தறிவு இயக்கம் பாட்டும் நாடகமுமாகக் கிராமம் கிராமமாகப் போயிற்று. தூபகுண்டா என்ற ஊரில் பெண்கள் பாடப் புத்தகத்தில் சாராயத்தைப் பற்றிய கதையைப் படித்தார்கள். இது நம் வீட்டுக் கதையல்லவா என்றார்கள். போய்ச் சாராயக் கடையை மறித்தார்கள். அது மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995இல் வந்த முழு மதுவிலக்கு இரண்டே ஆண்டில் தளர்த்தப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருந்தாலும், காரைக்காலில் மதுக்கடைகளுக்குக் குறைவில்லை என்பதையும், நம் வார்டில் வயிறு வீங்கிக் கண் மஞ்சளித்துப் படுத்திருக்கிறவர்களையும் அறிந்த உங்களுக்கு, அந்தப் பெண்கள் செய்தது சிறிய காரியமாகத் தோன்றாது.

இனி எங்கள் போட்டிக்கு வருவோம். வழக்கமாக நடக்கும் விழிப்புணர்வுப் பாட்டுப் போட்டிகள் எப்படியிருக்கும் என்று பெற்றோருக்குத் தெரியும். மரம் நடுவோம், நெகிழியை ஒழிப்போம், மது அருந்தாதே என்று மேடையில் வரிசையாக வரும். சினிமா மெட்டு, சீருடை, கைதட்டல், கேடயம். மறுநாள் பாடின பிள்ளைக்கே இரண்டாம் அடி மறந்துபோகும். இப்படி ஒரு விழாவுக்கு உங்கள் பணத்தைச் செலவிட எங்களுக்கும் மனமில்லை.

இதற்கு ஒரு மாற்றை வங்காளதேசத்தில் கண்டோம். பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போய், வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கும் முறையைத் தாய்மாருக்குக் கற்பித்தது. மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அளந்த தண்ணீர். கற்பித்த பெண் ஊழியருக்குச் சம்பளம் எத்தனை வீடு ஏறினார் என்பதைப் பார்த்துக் கொடுக்கப்படவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் அதே வீட்டுக்குப் போய், அந்தத் தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறது, சரியாகக் கலக்குகிறாளா என்று பார்ப்பார். அதைப் பொறுத்தே சம்பளம். சொன்னவருடைய திறமை மதிக்கப்படவில்லை, கேட்டவருடைய நினைவே மதிக்கப்பட்டது.

எங்கள் போட்டியும் அப்படியே. முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் பாட்டுகளுக்குப் பரிசில் பாதிதான் தருவோம். எழுதின பிள்ளை அதை ஒரு தெருவுக்கோ, ஒரு மகளிர் குழுவுக்கோ கற்றுக்கொடுக்க வேண்டும். ஆறு வாரம் கழித்து நம் கிராம ஊழியர் சொல்லாமல் கொள்ளாமல் அங்கே போவார்கள். அங்குள்ளவர்கள் யாராவது பாடினால் மீதிப் பாதி. வரிகளை மாற்றிப் பாடினால் இன்னும் சந்தோஷம்.

ஆனால் மாற்றக்கூடாத இடம் ஒன்று உண்டு. அதனால்தான் எல்லாப் பாட்டையும் ஒரு டாக்டரோ நர்சோ படித்துப் பார்க்க வேண்டும் என்று விதித்திருக்கிறோம். ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, கரண்டி தலைதட்டி இருக்க வேண்டும். எதுகைக்காக அரை என்பதை ஆறு என்று மாற்றினால் குழந்தைக்கு ஆபத்து. பாட்டு நன்றாக இருந்தால் தவறும் நன்றாக நினைவிருக்கும்.

பாம்புக்கடியும் அப்படியே. நம் வயல் பகுதியில் கட்டுவிரியன் இரவில், தரையில் படுத்துறங்குகிறவர்களைக் கடிக்கும். பெரும்பாலும் வலியும் இராது, பல்தடமும் தெரியாது. விடியும்போது கண் இமை தொங்கும், நாக்குக் குழறும். இறுக்கிக் கட்டாதே, கீறாதே, வாய்வைத்து உறிஞ்சாதே, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவா, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிப் படு. இவ்வளவுதான் செய்தி. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறக்குறைய 12 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. விஷமுறிவு மருந்து வாங்க நீங்கள் தரும் பணம் பயன்பட வேண்டுமானால், நோயாளி நேரத்தோடு வந்து சேர வேண்டும். இந்த ஐந்து கட்டளைகளை ஒரு தாலாட்டில் வைக்க ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையால் முடியுமானால், மருந்துக்கும் பாட்டுக்கும் தனித்தனிக் கணக்கு எதற்கு?

சுற்றுச்சூழலைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு நாங்கள் சொல்லுவது ஒன்றே: உலகத்தை விட்டுவிட்டு ஓர் இடத்தின் பெயரைச் சொல்லுங்கள். 2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்' எண்ணூர்க் கழிமுகத்தைப் பெயர் சொல்லிப் பேசிற்று. கபேர் வாசுகி எழுதி, டி.எம். கிருஷ்ணா பாடியது. கர்நாடக இசையில் சென்னைத் தெருப்பேச்சு. வசைச்சொல்லாகிப்போன பொறம்போக்கு என்ற வார்த்தைக்கு, எல்லாருக்கும் பொதுவான நிலம் என்ற பழைய பொருளை அது திருப்பிக் கொடுத்தது. அதேபோல் கொடைக்கானலில் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலையைப் பற்றி சோஃபியா அஷ்ரஃப் என்ற பெண் 2015இல் பாடின ஆங்கிலப் பாட்டு உலகெங்கும் கேட்கப்பட்டது. மறு ஆண்டு மார்ச்சில் முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் கம்பெனி உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டுதான் வென்றது என்று பலர் எழுதினார்கள். எங்களுக்கு அதில் முழுச் சம்மதமில்லை. ஆலை மூடியது 2001இல். இடைப்பட்ட 15 ஆண்டுகள் வழக்கு நடத்தி, மனுக் கொடுத்து, சோர்ந்துபோகாமல் நின்றவர்கள் அந்தத் தொழிலாளர்களே. பாட்டு அவர்களுக்குத் துணை வந்தது.

நம் ஊரில் எதைப் பாடுவது? காவிரியின் கடைமடை நாம். அரசலாற்றில் தண்ணீருக்குப் பதில் என்ன வருகிறது என்று பாடலாம். நள தீர்த்தத்தையும் பாடலாம். சனிப்பெயர்ச்சிக்கு, 2023 டிசம்பரில் நடந்ததுபோல, லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். நீராடி, உடுத்த துணியை விட்டுப் போவது அவர்கள் வழக்கம். அந்த ஈரத்துணியை வாரி அள்ளும் துப்புரவுத் தொழிலாளியின் கைகளை யாரும் பாடி நாங்கள் கேட்டதில்லை. இதைப் பக்தியுள்ள ஓர் இந்துப் பிள்ளை எழுதினால் நம்மில் எவரையும்விட நன்றாக எழுதும். பிறர் விசுவாசத்தைக் கேலி செய்கிற ஒரே ஒரு வரி இருந்தாலும் அந்தப் பாட்டைத் தள்ளிவிடுவோம். கிறிஸ்தவப் பிள்ளை எழுதியிருந்தால் கூப்பிட்டுப் பேசவும் செய்வோம். நம் ஆஸ்பத்திரி வாசலில் எவரையும் மதம் கேட்டுச் சீட்டுப் பதிவதில்லை. போட்டியிலும் கேட்கமாட்டோம்.

செலவு எவ்வளவு என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். மேடை, பந்தல், கேடயம், சால்வை எதுவும் கிடையாது. பரிசுத் தொகை, ஊழியர் போக்குவரத்து, தாள் இவ்வளவே. மருந்துக்கென்று குறித்து அனுப்பின காணிக்கையிலிருந்து ஒரு ரூபாயும் இதற்கு எடுக்கப்படாது. பாட்டுக்கென்று விரும்பித் தருகிறவர்கள் உறையின் மேல் அப்படியே எழுதி அனுப்பலாம்.

பணத்தைவிட எங்களுக்கு அவசரமாக வேண்டியது வேறொன்று. நடவு இயந்திரம் வந்தபின் வயலில் பாட்டுக் கேட்பது அரிதாகிவிட்டது. பிள்ளைகளுக்கு சினிமா மெட்டைத் தவிர வேறு மெட்டுத் தெரியவில்லை. உங்கள் சபைகளில் நடவுப் பாட்டும் கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் தெரிந்த மூதாட்டிகள் இருப்பார்கள். கடற்கரைச் சபைகளில் அம்பா பாடி வலை இழுத்த பெரியவர்கள் இருப்பார்கள். வார்த்தை மறந்துபோயிருந்தால் பரவாயில்லை, மெட்டு போதும். போட்டி தொடங்குமுன் ஒரு சனிக்கிழமை மாலை அவர்களை இங்கே அழைத்துவர விரும்புகிறோம். நடக்க இயலாதவர்களிடம் நம் ஊழியரே வந்து பதிவுசெய்து கொள்ளுவார். இன்று புறப்படுமுன், அப்படிப்பட்டவர்களின் பெயரையும் தெருவையும் வாசலில் நிற்கும் சகோதரியிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.